வெளிப்பூச்சு முடிந்து 23 நாள்: மழைக்கு முன் பெயிண்ட் அடித்துவிடலாமா?

கடைக்கால் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டை ஒப்பந்ததாரர் யாரிடமும் விடாமல் நாங்களே முன்நின்று கட்டி வருகிறோம். கான்கிரீட்டுக்கும் செங்கல் கட்டுக்கும் பூச்சுக்கும் கொத்தனார்களை அமர்த்திக்கொண்டோம். பொருள் வாங்குவது என் கணவர் பொறுப்பு, கணக்கு என்னுடையது, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் அடிப்பது மாமனாருடையது, விடுமுறை நாள்களில் சித்தாள் வேலை முழுவதும் கொழுந்தனாருடையது. இப்படிப் பிரித்துக்கொண்டு கீழ்த்தளமும் மாடியுமாக இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

கான்கிரீட் தூண்களுக்கு நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர். வெளிப்பக்கம் இரண்டு தடவையாக மொத்தம் 20 மி.மீ. பூசி, மேலே ஸ்பாஞ்ச் தேய்த்திருக்கிறார்கள். பூச்சு முடிந்து இன்றோடு 23 நாள் ஆகிறது. மாமனார் 14 நாள் விடாமல் தண்ணீர் அடித்தார். ஆனாலும் மூன்று இடங்களில் எங்களுக்குக் கவலை இருக்கிறது.

தூண் ஓரங்களில் மேலிருந்து கீழாக, நூல் பிடித்தாற்போல் நேர்க்கோட்டில் விரிசல் ஓடுகிறது. மேற்குச் சுவரில் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் பரவியிருக்கின்றன. சும்மா பார்த்தால் இவை தெரிவதில்லை. தண்ணீர் அடித்து அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், சுவர் வெளுத்த பிறகும் அந்தக் கோடுகள் மட்டும் கறுத்து ஈரமாக நிற்கின்றன. சமையலறை ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. துடைத்தால் போய்விடுகிறது, இரண்டு நாளில் திரும்ப வந்துவிடுகிறது.

பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, 23 நாள் போதும், பட்டி (சுவரைச் சமமாக்கத் தடவும் மாவு) பார்த்து இரண்டு கோட்டிங் அடித்துவிட்டால் விரிசலும் மறைந்துவிடும், சுவரும் மழைக்குத் தாங்கும் என்கிறார். மழைக்காலம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சாரம் வாடகைக்கு நிற்பதால் எங்களுக்கும் அவசரம்தான். வீட்டுக்குள் இன்னொரு பஞ்சாயத்தும் நடக்கிறது. சிமெண்ட் பெயிண்டே போதும் என்பது மாமனார் கட்சி. முகப்புச் சுவருக்குக் கல் ஒட்ட வேண்டும் என்பது கொழுந்தனார் கட்சி. எனக்கு அடர்ந்த செங்கல் நிறத்தில் ஆசை.

இப்போதே அடித்துவிடலாமா, அல்லது பூச்சை அப்படியே விட்டு மழை முடிந்த பிறகு அடிப்பதா? மொட்டைமாடி நீர்த்தடுப்பு வேலையை உள்வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


தூக்குக்குண்டு எழுதியது:

அம்மா, போகிற போக்கில் கடைசி வரியில் நீங்கள் சொன்னதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. கட்டட மேற்பார்வையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் தேதியைத் தீர்மானிக்க வேண்டியது மொட்டைமாடிதான். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் இறங்கும் தண்ணீர், செங்கல் கட்டுக்குள் நுழைந்து, மாடிச் சுவரின் வெளிமுகத்தில் வந்து நிற்கும். அப்போது பெயிண்ட் படலம் உள்ளேயிருந்து தள்ளப்பட்டு உப்பும். முன்பக்கத்திலிருந்து வரும் மழையைத் தடுக்கத்தான் பெயிண்ட்டால் முடியும். முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளும் நீரை அது தாங்காது. ஆகவே அந்த மூலையைச் சிமெண்ட் கலவையால் சரிவாக உருட்டி அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றி, வடிகுழாய் வாய்களை மூடி, தளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீரை 48 மணி நேரம் தேக்கிப் பாருங்கள். அதன் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

கைப்பிடிச் சுவரின் மேல்மட்டம் சமமாக இருக்கிறதா, சரிவாக இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அது மாடியின் உட்புறம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சமமாகவோ வெளிப்புறம் சரிந்தோ இருந்தால், அங்கே படியும் தூசி ஒவ்வொரு மழையிலும் கரைந்து உங்கள் புதுப் பெயிண்ட்டின் மேல் கறுப்புக் கோடுகளாக வழியும். சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு சிறு பள்ளம் ஓட வேண்டும். விளிம்பில் இறங்கும் நீர் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டே சுவர்வரை வந்துவிடும். அந்தப் பள்ளம் இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் சொட்டிவிடும். பூசும்போதே ஒரு கம்பியை வைத்து எடுத்திருந்தால் கால் மணி நேர வேலை. இப்போது வெட்ட நினைத்தால், பூச்சின் தடிமனைத் தாண்டி இயந்திரம் உள்ளே போய், சன்ஷேடுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளை மூடியுள்ள கான்கிரீட்டைக் குறைத்துவிடக் கூடாது. பூச்சு மெல்லியதாக இருந்தால் வெட்டாமல், பிவிசி கோணப்பட்டை ஒன்றை விளிம்பை ஒட்டி ஒட்டிவிடுவதே நல்லது.

இனி விரிசல்கள். தூண் ஓரத்துக் கோட்டுக்குக் காரணம் கொத்தனாரின் கைப்பிழை மட்டும் அல்ல. வெயிலில் கான்கிரீட், சுட்ட செங்கல்லைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 3 மீட்டர் உயரத் தூணும் பக்கத்துச் சுவரும் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால், தூண் சுமார் 0.6 மி.மீ. நீளும், செங்கல் அதில் பாதிதான் நீளும். நாள்தோறும் பகலில் நீண்டு இரவில் சுருங்கும் இந்த இரண்டையும் ஒரே பூச்சு இழுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால், அது சந்திப்பில் பிளக்கிறது. பூசுவதற்கு முன் சந்திப்பின் இருபுறமும் 150 மி.மீ. வருமாறு கோழிவலை அடித்திருந்தால் அந்த இழுவிசை பரவியிருக்கும். உங்கள் சுவரில் வலை இல்லை என்றே ஊகிக்கிறேன். அந்தப் பட்டையை மட்டும் கொத்தி எடுத்து, வலை அடித்துத் திரும்பப் பூசிவிடுங்கள்.

மேற்குச் சுவரின் வலைக்கோடுகள் வேறு வகை. வெயிலும் காற்றும் படும் முகத்தில் மேல்பூச்சு வேகமாக உலர்ந்து சுருங்கியதால் வருபவை அவை. கலவையில் சிமெண்ட் அதிகமானாலும், மணலில் தூள் அதிகமானாலும், மட்டப்பலகை போட்டபின் கரண்டியால் அளவுக்கு மீறித் தேய்த்தாலும் வரும். ஈரம் உலரும்போது கோடு மட்டும் கறுத்து நிற்பதை நீங்கள் கவனித்தது நல்ல கவனிப்பு. எங்களுக்கும் விரிசல் தேட அதுவே வழி. பூச்சு சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தால் இவற்றால் ஆபத்து இல்லை. பிடித்திருக்கிறதா என்பதை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தே அறியலாம். கெட்டியான இடம் ‘டக்’ என்று சொல்லும், விட்டுப்போன இடம் பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளலான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதை மட்டும் வெட்டி எடுத்துத் திரும்பப் பூச வேண்டும். பட்டி போட்டு மூடினால் பூச்சோடு சேர்ந்து பட்டியும் விழும்.

பெயிண்ட்டுக்கு முன் பூச்சை 28 நாள் ஆறவிடுவது வழக்கம். 23 நாளா 28 நாளா என்பதைப் பொறுத்தவரை, நாள்கணக்கு ஒரு குறைந்தபட்சம்தான். புதுச் சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை பிஎச் அளவில் 12-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப் பட்டு அது மெல்லத் தணியும். காரமும் ஈரமும் சேர்ந்து இருக்கும்போது அடித்தால் நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். எனவே 28 நாளோடு ஈரச் சோதனையும் தேவை. 18 அங்குலச் சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்பக்கம் நீர் முத்துகள் இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் தயாராகவில்லை. தண்ணீர் அடிப்பதை நிறுத்தி ஒரு வாரமாவது ஆன பிறகு செய்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. விரிசல் பார்ப்பதற்காக நீங்கள் அடிக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும்.

வெள்ளைப் பொடி, சுவருக்குள் நீர் எங்கிருந்தோ வந்துகொண்டிருப்பதன் அடையாளம். நீர்தான் உள்ளே உள்ள உப்பைச் சுமந்து வெளியே கொண்டுவருகிறது. கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், பிறகு தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள்.


ஓதம்கண்டவன் எழுதியது:

அவசரப்பட்டவனின் சாட்சியம் ஒன்றும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பூச்சு முடிந்த 12-ஆம் நாளே பட்டியும் பெயிண்ட்டும் அடித்தோம். யார் மீதும் பழி இல்லை. சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டது நான்தான். முதல் மழை முடிந்ததும் பின்சுவரில் உள்ளங்கை அளவுக் கொப்புளங்கள் கிளம்பின. ஒன்றை ஊசியால் குத்தினேன். கலங்கிய தண்ணீர் சுவரோடு வழிந்து, காய்ந்த பிறகு வெள்ளைக் கோடாக நின்றது. அந்த இடத்தைச் சுரண்டியபோது பெயிண்ட்டின் முதுகில் பட்டி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்தது, பூச்சு வெறுமையாக நின்றது.

வாசல் தூண்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தது இன்னொரு தவறு. புதுச் சிமெண்ட்டின் காரம் எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பாகிவிடும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தும், என் தூணில் விரல் ஒட்டிக்கொண்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது. நீங்கள் விரும்பும் செங்கல் நிறத்தைப் பற்றியும் யோசியுங்கள். மேற்குச் சுவரில் அடர்நிறம் வெயிலை அதிகம் உறிஞ்சும், விரிசலை அதிகம் வேலை வாங்கும், ஒரு சிறு பொட்டு வெளுத்தாலும் தூரத்திலிருந்தே தெரியும்.


பட்டித்தகடு எழுதியது:

நான் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவன். வீட்டுக்காரர் இன்றே வேண்டும் என்று நின்றால், நாங்களும் சரி என்றுதான் சொல்வோம். அதனால் உங்கள் பெயிண்டரை உடனே கெட்டவராக்கிவிட வேண்டாம். பட்டி போட்டால் விரிசல் மறைந்துவிடும் என்று அவர் சொன்னதை மட்டும் ஏற்க முடியாது. பட்டி கல் போல் இறுகும் பொருள். அசையும் விரிசலின் மேல் போட்டால் அதே இடத்தில் அதுவும் பிளக்கும்.

தூக்குக்குண்டு ஐயா சொன்னதில் ஓரிடத்தில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. தூண் ஓரம் முழுவதையும் கொத்தி எடுத்தால், கொத்தும் அதிர்ச்சியில் பக்கத்தில் நன்றாக இருக்கும் பூச்சும் விட்டுப்போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தட்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்தால், விரிசலை ஆங்கில ‘வி’ எழுத்துப் போல 5 அல்லது 6 மி.மீ. அகலத்துக்கு விரித்து, தூசியை முழுக்க ஊதி எடுத்து, இழுபடும் அக்ரிலிக் நிரப்பியால் அடைத்து, மேலே கண்ணாடியிழைத் துணிப்பட்டையை ஒட்டிவிடலாம். சிலிக்கான் குழாயை மட்டும் அங்கே எடுத்துவராதீர்கள். சாதாரணச் சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளிக்கும் பெயிண்ட் ஏற்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் வகையையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்பாஞ்ச் தேய்த்த சுவருக்கு வெளியே முழுப் பட்டி வேண்டுமா என்பதே என் கேள்வி. உள்சுவரைப் போல வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில்தான் வெளியே பட்டி போடச் சொல்கிறார்கள். வெளிச்சுவரில் அது இன்னொரு அடுக்கு, இன்னொரு பலவீனம். குழியும் திட்டும் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைச் சிமெண்ட் கலந்த பட்டியை, சுவரை நனைத்துவிட்டு, மொத்தம் ஒன்றரை மி.மீட்டருக்கு மிகாமல் போடுங்கள். மற்ற இடத்தில் காரத்தைத் தாங்கும் வெளிப்புறப் பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு தடவை, எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இரண்டு தடவை என்று போதும். மேற்குச் சுவரின் மெல்லிய கோடுகளுக்கு, ரப்பர் போல இழுபடும் தடித்த வகைப் பெயிண்ட் நன்றாக வேலை செய்யும். ஆனால் சுவர் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் படலம் உள்ளே சிக்கிய ஈரத்தை எளிதில் வெளியே விடாது.

உங்கள் மாமனாரின் சிமெண்ட் பெயிண்ட் மோசமான யோசனை அல்ல. அது புதுச் சுவரின் காரத்துக்கு அஞ்சாது, நனைந்த சுவரில்தான் அடிக்கவே வேண்டும், அடித்த பிறகும் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். பின்னால் அது பொடிந்து கையில் ஒட்டத் தொடங்கிய பிறகு, அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் உரியும் என்பதுதான் சிக்கல். அன்றைக்கு முழுவதையும் சுரண்ட ஆள் தேட வேண்டியிருக்கும். கல் ஒட்டுவது என்றால் இப்போதே முடிவு செய்யுங்கள். கல்லின் பசை பூச்சின் மேல் நிற்க வேண்டும், பெயிண்ட்டின் மேல் அல்ல. கல் முடியும் மேல்விளிம்பை மூடாமல் விட்டால் பின்னால் தண்ணீர் இறங்கும்.

அடிக்கும் நாளில், மேற்குச் சுவரைக் காலையிலும் கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் அடிக்கச் சொல்லுங்கள். சுடும் சுவரில் உருளையை வைத்தால் பெயிண்ட் பரவும் முன்பே இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்தின் விளிம்பும் கோடாக நின்றுவிடும். மேலிருந்து கீழே வாருங்கள். சாரக்கழிகளைச் செருகியிருந்த துளைகளைச் சாரம் இறங்க இறங்க அடைத்து, அந்தப் பொட்டுகளையும் பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.


கடைக்கால் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

மாமனார் நாணயத்தை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறியவர், இரண்டு நாள் அந்த வேலையை யாருக்கும் விட்டுத்தரவில்லை. மேற்குச் சுவரில் மூன்று வட்டம், மாடியில் தூண் ஓரத்தில் முழ நீளத்துக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறார். மற்ற தூண் ஓரங்கள் எல்லாம் கெட்டியாக ஒலிக்கின்றன. நீங்கள் ஊகித்தது சரிதான், வலை அடிக்கவில்லை. கொத்தனாரிடம் கேட்டதற்கு, யாரும் கேட்கவில்லை என்றார். எங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்போம்.

எட்டு நாள் தண்ணீர் படாமல் விட்டு, மூன்று இடங்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டினோம். மேற்குச் சுவரிலும் முகப்பிலும் தாள் உலர்ந்திருந்தது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒட்டியதைப் பிரித்தபோது முத்து முத்தாகத் தண்ணீர். குழாய் கசிகிறதோ என்று பயந்து, அழுத்தச் சோதனை செய்பவரையும் வரவழைத்தோம், குழாயில் குற்றமில்லை. கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் கொழுந்தனார். மிச்ச மணலை அந்தச் சுவரோடு சாய்த்துக் குவித்திருந்தோம். சுவருக்கு அடிக்கும் தண்ணீரெல்லாம் வழிந்து அந்த மணலில்தான் ஊறியிருக்கிறது. கடைக்காலுக்கு மேல், நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் இருக்கப் போட்ட ஓதத்தடுப்புப் பட்டைக்கும் மேலே முக்கால் அடி உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. மணலை வாரியபோது, மேல்பரப்பு காய்ந்திருந்தாலும் அடிமணல் பிடித்தால் உருண்டையாக நின்றது.

சன்ஷேடுகளில் பள்ளம் இல்லை. கைப்பிடிச் சுவர் மேல்மட்டம் சமமாகத்தான் இருக்கிறது. இப்போது என் கேள்வி ஒன்றுதான்: மழைக்கு ஐந்து வாரம்கூட இல்லாத நிலையில் எதை முடிப்பது, எதை விடுவது?


தூக்குக்குண்டு எழுதியது:

தூண் ஓரங்கள் கெட்டியாக ஒலித்தால், பட்டித்தகடு தம்பி சொன்ன வழியே உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்; நான் சொன்னபடி கொத்த வேண்டாம். வட்டமிட்ட நான்கு இடங்களை மட்டும் வெட்டிப் பூசுங்கள், தூண் ஓரத்து வட்டத்தில் வலையோடு. அந்தப் பொட்டுகளுக்கு நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் மொட்டைமாடி, கைப்பிடிச் சுவரின் சரிவு, சன்ஷேடு பட்டை, ஜன்னல் சட்ட இடைவெளி. அதற்குள் முகப்பும் மற்ற சுவர்களும் இன்னும் உலர்ந்திருக்கும். மேற்குச் சுவருக்கு மழைக்கு முன் காரத்தைத் தாங்கும் பிரைமரும் ஒரு கோட்டிங்கும் மட்டும் அடித்துவிட்டு, இரண்டாவது கோட்டிங்கை மழைக்குப் பிறகு வைத்துக்கொண்டால், மழையில் எந்த இடம் தண்ணீர் குடிக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஒன்றும் அடிக்காதீர்கள். ஒரு மழைக்காலம் வெறும் பூச்சாக நின்றால் 20 மி.மீ. பூச்சுக்கு ஒன்றும் ஆகிவிடாது, பார்ப்பவர்கள் கேட்பதற்கு மட்டும் பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.


கடைக்கால் எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. பின்பக்கச் சுவருக்குச் சாரம் உடனே தேவையில்லை என்பதால், அதை நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மொட்டைமாடியில் இன்று காலை தண்ணீர் தேக்கியிருக்கிறோம். நீர்மட்டத்தைக் கைப்பிடிச் சுவரில் பென்சிலால் கோடிட்டுவிட்டு, மாமனார் மணிக்கொரு தரம் ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கல் ஒட்டுவதைக் கொழுந்தனார் வாசல் நிலையைச் சுற்றி மட்டும் என்று குறைத்துக்கொண்டார். செங்கல் நிறத்தை நான் இன்னும் விடவில்லை. நிழல் விழும் முகப்புச் சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்துவைத்திருக்கிறோம். மேற்குச் சுவருக்கு வெளிர்நிறம் என்று ஒப்புக்கொண்டேன்.